பெடலில் இருந்த என் கால்

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு பொய் சொன்னேன். நீளமான பொய் அல்ல. "இல்லை சார்" என்பதுதான் மொத்தமும். அதனால் ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டைச் சேர்ந்த தணிகைவேல் என்ற இளைஞன் விமானி ஆகாமல் போனான். தப்பு அவனுடையது என்று எல்லோரும் நம்பினார்கள். அவனும் நம்பினான். அது என்னுடையது என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். ஓய்வு பெற்று ஆரணிக்கே வந்துவிட்டேன். பழைய சக ஆசிரியர்கள் அவ்வப்போது தொலைபேசியில் பேசுவார்கள். போன மாதம், நான் ஓய்வு பெறும் சமயத்தில் ஆசிரியனாகச் சேர்ந்த ஒரு பையன் கொதிப்போடு பேசினான். பயிற்சி விமானங்களில் கால் வைக்கும் இடத்தில் சின்ன கேமரா பொருத்தப் போகிறார்களாம். ஆசிரியரின் கால் எங்கே இருக்கிறது என்று படம் பிடிக்குமாம். "எங்கள் மேல் அவ்வளவுதான் நம்பிக்கையா சார்?" என்றான். நல்லது, பொருத்தட்டும் என்றேன். அவன் என்னிடமிருந்து அதை எதிர்பார்க்கவில்லை. காரணம் கேட்டான். தொலைபேசியில் சொல்லி முடிகிற காரணம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா ஆரணியில் அடுத்தவர் தறியில் கூலிக்கு நெய்தவர். பள்ளிவிட்டு வந்தால் நானும் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்காருவேன். கல்லூரியில் இயற்பியல் படித்தேன். பிறகு ஒரு உதவித்தொகை கிடைத்து எழுபதுகளில் பறக்கக் கற்றேன். ஊரில் பெரிய பரபரப்பு. பெட்ரோல் தீர்ந்தால் மேலே எங்கே நிறுத்திப் போடுவீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். தெரிந்தவர்களுக்கு ஜன்னலோர சீட்டு கிடைக்குமா என்று சித்தப்பா கேட்டார். எனக்கே இன்னும் சீட்டு நிச்சயமாகாத காலம் அது.

ஏனென்றால் என்னால் விமானத்தைத் தரையிறக்க முடியவில்லை. வானத்தில் ஒழுங்காக ஓட்டுவேன். சக்கரம் தரையைத் தொட்டதும் விமானம் ஏதாவது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

சின்ன விமானத்தில் காலுக்கு இரண்டு பெடல்கள் உண்டு. கீழ்ப்பாதியை அழுத்தினால் விமானத்தின் மூக்கு திரும்பும். மேல்பாதியைக் கால் விரலால் அழுத்தினால் அந்தப் பக்கச் சக்கரத்துக்கு பிரேக் பிடிக்கும். இறங்கும்போது குதிகால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும், விரல் மேலே போகக்கூடாது. தறியில் பழகிய கால் இதற்கு நேர் எதிர். மிதிகட்டையை விரலால்தான் குத்தி அழுத்துவோம், குதிகால் தானாக எழும்பும். மனது பதறும்போது என் கால் தறிக்குப் போய்விடும். ஏதாவது ஒரு பக்கம் பிரேக் பிடித்தபடியே இறங்குவேன்.

என் ஆசிரியர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு குனிந்து என் காலைப் பார்த்தார். ஷூவைக் கழற்றச் சொன்னார். வெறுங்காலோடு ஓட்டினால் குதிகாலுக்குத் தரை தெரியும், எழும்பினால் உடனே புரிந்துவிடும். ஒரே காலையில் சரியாகிவிட்டது. ஆனால் இறங்கியதும், "வீட்டில் தையல் மிஷின் ஓட்டினாயா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தறி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் அப்பாவுக்கு "சில்க் பிசினஸ்" என்று சொன்னேன். ஊரைக் கேட்டால் சென்னை. கறுப்புக் கண்ணாடி வேறு வாங்கிக்கொண்டேன்.

இருபது வருடம் கழித்து, போர்க்காலத்தில் போட்ட ஒரு பழைய ஓடுதளத்தில் இயங்கிய பயிற்சிப் பள்ளியில் நான் ஆசிரியன். அங்கே தலைமை ஆசிரியர் ராமநாதன். நாங்கள் சீஃப் என்போம். இந்திய விமானப் படையிலிருந்து வந்தவர், குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. சட்டைப்பையில் எப்போதும் பெப்பர்மிண்ட் இருக்கும். மாணவன் நன்றாக இறக்கினால் ஒன்றை எடுத்து அவனுக்குக் கொடுப்பார். மோசமாக இறக்கினால் அதே போல எடுத்து, நிதானமாகக் காகிதத்தைப் பிரித்து, தன் வாயில் போட்டுக்கொள்வார். திட்டு வாங்கியிருந்தால்கூட மறந்துபோயிருக்கும். அந்தக் காகிதம் பிரியும் சத்தத்தை யாரும் மறக்கவில்லை.

எந்த மாணவனையும் தனியாக அனுப்பும் முன் சீஃப் தானே ஒருமுறை அவனோடு ஏறிப் பார்ப்பார். கையைக் கட்டிக்கொள்வார், காலை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொள்வார். "என்னை அரிசி மூட்டை என்று நினைத்துக்கொள். மூட்டை பேசாது, எதையும் தொடாது" என்பார். அதில் தேறினால் இறங்கிவிடுவார். காலி இருக்கையின் பெல்ட்டை இறுக்கிக் கட்டுவார், தளர்வாக விட்டால் அது கட்டுப்பாட்டுக் கம்பியில் சிக்கும். "நான் இல்லாததால் எடை குறைவு, சீக்கிரம் மேலே ஏறும், பதறாதே" என்று சொல்லி, கதவை மூடி, கூரையில் இரண்டு தட்டு தட்டி நடந்து வந்துவிடுவார். திரும்பியே பார்க்க மாட்டார். அந்த முதல் தனிப் பறப்பைத்தான் சோலோ என்கிறோம். அதன் பிறகுதான் விமானி லைசென்ஸ் என்ற பேச்சே.

தணிகையும் தறி வீட்டுப் பையன்; வந்து சேர்ந்தபோது அவனுக்கு இருபது வயது இருக்கும். சென்னையில் பட்டுக்கடை வைத்திருந்த தாய்மாமன் சேர்த்துவிட்டார். இவன் தேறமாட்டான் என்று பள்ளி சொல்லும் வரைதான் பணம் கட்டுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். முதல் நாளே என்னிடம், "நீங்க ஆரணிதானே சார்?" என்று கேட்டான். அப்பாவுக்கு அந்தப் பக்கம், நான் சென்னை என்றேன். அவன் மரியாதையாகத் தலையாட்டினான். ஆனால் ஒருநாள் அவன் விமானத்தைக் கண்டபடி திருப்பியபோது, "இன்னாடா பண்ணிகினு கீற?" என்று ஆரணிப் பேச்சிலேயே கத்திவிட்டேன். அதற்குப் பிறகும் அவன் கேட்கவில்லை. சிரிப்பை மட்டும் அடக்கிக்கொண்டான்.

முதல் தரையிறக்கத்திலேயே அவன் காலைப் பார்த்தேன். குதிகால் எழும்பியது, பெருவிரல் நீண்டது. என் கால்தான் அது. மருந்தும் எனக்குத் தெரியும். ஷூவைக் கழற்றச் சொல்ல வேண்டும், ஏன் என்று சொல்ல வேண்டும். நமக்குத் தறிப் பழக்கம், எனக்கும் இது இருந்தது என்று, விமானங்களை நிறுத்தும் ஹேங்கரில் மற்ற ஆசிரியர்கள் காதில் விழ ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக என் காலை என் பக்கத்துப் பெடலில் வைத்தேன்.

ஆசிரியர் பக்கத்துக்கும் மாணவன் பக்கத்துக்கும் தனித்தனிப் பெடல்கள் உண்டு, உள்ளே இணைந்தவை. அவன் வலது பிரேக்கை அழுத்தினால் நான் இடதை அழுத்திச் சமன் செய்தேன். விமானம் நேராக ஓடியது. அவன் வெளியே ஓடுதளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால் என் காலைப் பார்க்க வழியில்லை. தானே இறக்கினோம் என்று அவன் முகம் மலர்ந்தது. முதலில் ஒரு நாளைக்கு என்று நினைத்தேன். பிறகு எனக்கு அந்த மலர்ச்சி பிடித்துப்போயிற்று. நம்ம ஊர்ப் பையன், நாம் தயார் செய்கிறோம் என்ற பெருமை. என் மாணவர்கள் சீக்கிரம் சோலோ போகிறார்கள் என்ற பெயரும் எனக்கு வேண்டியிருந்தது. ஒரு நாள் இறங்கியதும் கைதட்டிக்கூட விட்டேன். சக்கர டயர்கள் சீக்கிரம் தேய்கின்றன என்று மெக்கானிக் புகார் சொன்னார். ஓடுதளம் மோசம் என்றேன்.

கடைசியில் சீஃப் அவனோடு ஏறிப் பார்க்கும் நாள் வந்தது. நானும் நாலைந்து பேரும் ஹேங்கர் வாசலில் நின்றோம். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அதே சமயம், அவன் பழகியிருப்பான், இன்று சரியாக வரும் என்றும் தோன்றியது. இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன்.

விமானம் சுற்றி வந்து அழகாக இறங்கியது. தொட்டது. கண் இமைக்கும் நேரம் நேராக ஓடியது. வலது பக்கம் டயர் கத்தியது. மூக்கு வலப்பக்கம் திரும்பி, ஓடுதளத்தைவிட்டு இறங்கி, புல்லில் குதித்துப்போய், ஒரு இறக்கை நுனி மண்ணில் உரச நின்றது. நாங்கள் ஓடினோம். இருவருக்கும் ஒன்றுமில்லை. சீஃப் இறங்கி, வெடித்த டயரைச் சுற்றிப் பார்த்தார். பெப்பர்மிண்ட்டை எடுக்கவே இல்லை. 

என்ன ஆயிற்று என்று தணிகையிடம் கேட்டார்.

"தெர்ல சார். எப்பவும் நேராத்தான் போவும்" என்றான். என்னைப் பார்த்தான். சொல்லுங்க சார் என்கிற பார்வை.

சீஃப் என் பக்கம் திரும்பினார். என் பெயர் ஏகாம்பரம், அவர் சுருக்கிக் கூப்பிடுவார்.

"ஏகா, இவன் இறக்கும்போது நீ பெடல்ல கால் வச்சிருந்தியா?"

"இல்லை சார்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆசிரியர்கள் பொய் சொல்வார்கள் என்பது அவர் கணக்கில் இல்லை. அப்படியானால் ஒரே முடிவுதான். பழகின ஆள் பக்கத்தில் இருந்தால் பையன் நன்றாக இறக்குகிறான், இல்லாவிட்டால் பயப்படுகிறான். பயத்தை நான் தனியாக மேலே அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தேறமாட்டான் என்று மாமனுக்குச் செய்தி போனது. மாமன் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டார்.

போகும்போது தணிகை என்னைத் தேடி வந்தான். எனக்கு ஓடி ஒளிய இடமில்லை.

"நான் பயப்படலன்னுதான் நெனச்சிகினு இருந்தேன் சார். உள்ள இருந்திருக்குது போல. உங்க பேரையும் கெடுத்துட்டேன்" என்றான்.

பரவாயில்லை என்று சொன்னேன். அதைத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு என் தொழில் வாழ்க்கை செழிப்பாகவே போனது என்பதையும் சொல்ல வேண்டும். சீஃப் ஓய்வு பெற்றார், நான் சீஃப் ஆனேன். இரண்டாயிரங்களில் புதுப்புது விமானக் கம்பெனிகள் வந்தன. லைசென்ஸ் வாங்கிய மை காயும் முன் எங்கள் மாணவர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். தணிகையைவிடச் சுமாராக ஓட்டிய பையன்கள் எல்லாம் தோளில் பட்டை வைத்து வந்து என் காலில் விழுந்தார்கள்.

ஒரு நாள் ஓர் இளம் ஆசிரியர் மாணவியின் தரையிறக்கத்தில் ரகசியமாகக் கால் வைத்ததைக் கண்டுபிடித்தேன். எனக்கா தெரியாது. எல்லோர் முன்னாலும் கிழித்தெடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க வச்சதே இல்லையா சார்?" என்றார். "இல்லை" என்றேன். வாய்விட்டு வெளியே வந்ததும் அது அதே குரல் என்று எனக்கே கேட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆரணிக்கு பஸ் ஏறினேன்.

முள்ளிப்பட்டில் தணிகைவேல் என்று கேட்டேன். "ப்ளேன்காரரு வூடா? அதோ" என்று ஒரு அம்மாள் கை காட்டினார். அந்தப் பெயர் கேலியாக வந்து, பிறகு அடையாளமாக நிலைத்துவிட்டது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். தணிகை இப்போது பட்டும் பாவு நூலும் கொடுத்து நாலு வீடுகளில் நெய்து வாங்கும் முதலாளி. மீசை வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். மனைவி மல்லிகாவைக் கூப்பிட்டு, எனக்குச் சொல்லிக்கொடுத்த சார் என்று பெருமையாகச் சொன்னான். அவள் காபி கொண்டுவரும் முன் சொல்லிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தறி, விரல், என் கால், சீஃப் கேட்டது, நான் சொன்னது, எல்லாமும்.



"எல்லா லேண்டிங்லயுமா சார்?"

"எல்லாவற்றிலும்."

"அன்னிக்கி கைதட்டுனீங்களே, அதுல?"

"அதிலும்தான்."

எழுந்து வாசலுக்குப் போனான். யாரோ ஒரு நெசவாளியிடம் ஏதோ ஜரிகைக் கணக்கு பேசினான். திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"நான் பயந்தாங்கொள்ளின்னு இவகிட்ட கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன் சார். ஏமாத்தக் கூடாதுன்னு" என்றான். காபியோடு நின்ற மல்லிகா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. திரும்பி வா, நானே லைசென்ஸ் வரை கொண்டுபோகிறேன் என்றேன். காபி குடிங்க என்றான். வழியனுப்ப வெளியே வரவில்லை.

பழைய சீஃபுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார். பிறகு, "அன்னைக்கு நான் தப்பான ஆளை இறக்கிவிட்டுட்டேன் ஏகா" என்று சொல்லி வைத்துவிட்டார். மறுபடி நான் அழைத்தபோது எடுக்கவில்லை. பள்ளியில் எல்லா ஆசிரியர்களையும் உட்காரவைத்துச் சொன்னேன். நான் கிழித்தெடுத்த அந்த இளைஞரிடம் தனியாக ஒருமுறையும் சொன்னேன். சிலர் அதற்குப் பிறகு எனக்கு வணக்கம் வைப்பதில்லை. அது நியாயம்தான்.

சில வாரங்கள் கழித்து தணிகையே அழைத்தான். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"சார், அந்த ஷூ கழட்டுற சமாச்சாரம். நெஜமாவே ஒரே காலைல சரியாவுமா?"

மருத்துவப் பரிசோதனை, மாணவர் லைசென்ஸ், விதிகள் பற்றிய தேர்வு எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். தன் வயதில் பாதி இருந்த பசங்களோடு பெஞ்சில் உட்கார்ந்தான். அவர்கள் அவனை அங்கிள் என்றார்கள். "அங்கிளுக்குத்தான்டா மொதல்ல காத்து வரும்" என்று ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொள்வான்.

வெறுங்காலோடு விமானத்தில் ஏறினோம். நானும் ஷூவைக் கழற்றிவிட்டு, காலை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். அந்தச் சின்ன விமானத்தில் என் வயதில் அப்படி உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் பலன் இல்லை. தணிகை ஓடுதளத்தைப் பார்க்கவே இல்லை. என் காலையே பார்த்தான். தரை நெருங்க நெருங்க எட்டி எட்டிப் பார்த்தான். "வெளியே பாருடா, செத்துப்போவோம்" என்றேன். பார்ப்பான், மறுபடி குனிவான். ஒருநாள் இடுப்பிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து, உங்க காலைக் கட்டிடலாமா சார் என்றான். பாதி விளையாட்டு, பாதி இல்லை.

"கட்ட முடியாது. ஆபத்து என்றால் நான் கால் வைத்தே ஆக வேண்டும், அதுதான் என் வேலை. ஆனால் வைத்தால், வைத்தேன் என்று வாயால் சொல்வேன்" என்றேன்.

"சொல்லுவீங்களா?" என்று கேட்டான். கேள்வி சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து பக்கவாட்டுக் காற்று பலமாக அடித்த ஒரு காலையில், இறங்கும்போது விமானம் திரும்பியது. கால் வைத்தேன். "வச்சேன்!" என்று கத்தினேன். நேராக்கி நிறுத்தினோம். தணிகை கட்டுப்பாட்டுக் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கினான். அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சார், சந்தையில கூவுற மாரி கூவுறீங்க."

அன்றிலிருந்து அவன் என் காலைப் பார்க்கவில்லை. நான் வைக்கவும் தேவைப்படவில்லை. குதிகால் தரையிலேயே இருந்தது. கொஞ்ச நாளில் நான் இறங்கி, காலி இருக்கையின் பெல்ட்டை இறுக்கிக் கட்டி, எடை குறைவு, சீக்கிரம் ஏறும் என்று சொல்லி, கூரையைத் தட்டிவிட்டு நடந்தேன். பழைய சீஃப் போலத் திரும்பிப் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை. சுற்றி வந்தான், தொட்டான், வெள்ளைக் கோட்டின் மேலேயே ஓடி நின்றான். இறங்கினான். விமானத்தைச் சுற்றி நடந்து, இரண்டு டயரையும் தொட்டுப் பார்த்தான்.

சொந்தமாக ஓட்டிக்கொள்ளும் லைசென்ஸ் வாங்கினான். சம்பளத்துக்கு ஓட்டும் அடுத்த லைசென்ஸுக்கும் படி, வயது தாண்டவில்லை, கம்பெனிகள் ஆள் தேடுகின்றன, நான் பேசுகிறேன் என்று பலமுறை சொன்னேன்.

"அன்னிக்கி வேணும்னு இருந்துச்சி சார். இப்ப பசங்க இருக்குது, என்னை நம்பி தறிக்காரங்க இருக்காங்க. வுடுங்க" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் நான் திருப்பிக் கொடுக்க முடியாதது எது என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. மன்னித்தேன் என்று அவன் இதுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, மல்லிகாவை ஏற்றிக்கொண்டு ஆரணிப் பக்கம் போய்வந்தான். இரண்டே இருக்கைகள் என்பதால் நான் தரையில். இறங்கி வந்த மல்லிகா புடவையைச் சரிசெய்தபடி, நெசவுக்காகத் தெருவில் நீட்டியிருந்த பாவு, மேலேயிருந்து பார்த்தால் ஒற்றைக் கலர் நூலாகத் தெரிந்ததைச் சொன்னாள். பிறகு அதுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவள், நேராக என்னைப் பார்த்தாள்.

"பயந்தவரு பயந்தவருன்னு சொல்லிகினே இருந்தாரு சார். மேல நான்தான் கண்ண மூடிகினேன். இவரு பாட்டு பாடிகினு வராரு."

தணிகை காதில் வாங்காதவன் போல எரிபொருள் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான்.

"சார், வெயில் ஏறதுக்குள்ள இன்னொரு ரவுண்டு போய்ட்டு வரட்டா? தனியா."

போ என்றேன். காற்று எந்தப் பக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டான். நானும் மல்லிகாவும் ஹேங்கர் வாசலில் நின்று அவன் ஏறுவதைப் பார்த்தோம். வெகுநேரம் வட்டமடித்தான். இறங்க அவசரமே படவில்லை.